ஆறு புள்ளி ஒன்று

மாம்பழம் மூன்று டன் ஒரே நாளில் இறங்கிய
செவ்வாய்க்கிழமைக்குப் பிறகுதான்
தொட்டிக்கு வயிறு கெட்டது.

லாரிக்காரர் சர்புதீன்மேல் குற்றமில்லை.
மார்க்கெட்டில் இரண்டு நாள் கடையடைப்பு, நல்ல வெயில்.
"குப்பைமேட்டுல கொட்டவா, இங்க கொட்டவா?"
இங்கே என்று கைகாட்டியவள் நான்.

அதுவரை ஊர்ச்சேறு
நிதானமாகத்தான் செரித்துக்கொண்டிருந்தது.
எந்தத் தெருக் குழாய் என்று சேற்றுக்குத் தெரியாது.
மடத்துத் தெரு, பள்ளிவாசல் சந்து,
காலனி, லாட்ஜ், பிரசவ ஆஸ்பத்திரி,
கும்பகோணம் முழுக்க
விடிகாலையில் ஒன்றாக வந்து சேரும்.
முகூர்த்தத்துக்கு மறுநாள்
கொஞ்சம் கெட்டியாக.

வெறும் சேற்றில் வாயு
ஓர் அடுப்புக்கும் காணாது.
பழம் சேர்ந்தால் துள்ளும்.
பத்து வாளிக்கு மூன்று என்பது என் கணக்கு.
வாழைத்தோல் உத்தமம்; காம்பு ஆகாது,
நார் போய் அரவைத் தண்டில் சுற்றிக்கொள்ளும்,
தையல்நாயகி கத்தியோடு குனிந்து
சிக்கு எடுப்பாள் அரைமணி நேரம்,
யார் வீட்டுத் தலைமுடியையோ திட்டுவதுபோல் திட்டிக்கொண்டு.
பலாப்பிசினுக்கு மண்ணெண்ணெய்.
மாங்கொட்டைக்கு மருந்தே இல்லை.

சர்க்கரை மிஞ்சினால்
புளிக்கவைக்கிற கூட்டம் முந்திக்கொள்கிறது.
முதல் பந்தி எழுந்திருக்கவே இல்லை.
வாயு பண்ண வேண்டியவர்கள்
இலைக்கு நின்று நின்று
அப்படியே மயங்கிவிட்டார்கள்.

புதன் ஏழு.
வியாழன் ஆறு புள்ளி ஆறு.
வெள்ளி இரவு மீட்டரைக் கழுவித் துடைத்து
மறுபடியும் நனைத்தேன்.
ஆறு புள்ளி ஒன்று.

பலூன் என்னவோ உப்பித்தான் இருந்தது,
அதுதான் ஏமாற்று.
கேன்டீனில் லூர்துமேரி ஏழு குச்சி கிழித்தாள்.
"காத்து வருதுக்கா. நெருப்புதான் வரல."

மேலிருந்து போன் வந்தது.
மாதக் கடைசி, யூனிட் கணக்கு கொடுக்கணும்,
இன்னும் ரெண்டு லோடு போட்டுப் பார்க்கக் கூடாதா?
பட்டினி போடணும் சார்.
எத்தனை நாள்?
தெரியாது சார்.
அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும்
கொஞ்ச நேரம் கேட்டது.

சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினோம்.
தையல்நாயகி சுவரில் உள்ளங்கை வைத்துப் பார்த்து
"மாந்தம்" என்றாள்.
படித்த மூன்று வருஷத்தில்
எனக்கு அந்தச் சொல்லை யாரும் தரவில்லை.

ஒன்பது நாள் சர்புதீன் லாரி
வாசலோடு திரும்பியது.
எங்கே கொட்டினார் என்று நான் கேட்கவில்லை.
பைபாஸ் ஓரம் பஸ் ஜன்னலை மூடுகிறவர்கள்
யாரைத் திட்டினார்கள் என்று எனக்குத் தெரியும்.

நிலையத்துக்குப் பின்னால் அரசலாறு.
மேட்டூர் திறந்தாயிற்று என்று பேப்பரில் போட்டிருந்தான்.
இங்கே இன்னும் மணல்,
மணலில் நாய்த்தடம்,
எங்கள் சுத்திகரித்த தண்ணீர் ஒரு கோடு.

ராத்திரி பதிவேட்டில்
எண்ணுக்குப் பதில் கை தானாக
எழுத்தில் எழுதிவிட்டது: ஆறு.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அளவா, பின்னால் வறண்டு கிடப்பதா,
இல்லை யாரிடமோ கெஞ்சுகிறேனா?
எழுந்து போய்த் தொட்டியருகே நின்று
சத்தமாகவே சொன்னேன்,
ஆறு.
புண்ணிடம் சொல்வதுபோல.
வாட்ச்மேன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனான்.

தண்ணீர் முதலில் வந்தது,
நுரையும் செருப்புமாக,
ஒரு பிளாஸ்டிக் குடத்தை உருட்டிக்கொண்டு.
தொட்டிக்கு அதற்குப் பிறகும் இரண்டு நாள் ஆயிற்று.

லூர்துமேரியின் மூன்றாவது குச்சிக்கு
நீலமாக ஒன்று நடுங்கிப் பிடித்தது.
நாங்கள் வாய் பார்த்து நின்றதில்
பால் பொங்கி அதை அணைத்துவிட்டது.
நாலாவது குச்சி.

போன் மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.
அன்றைக்கு ஒரே ஒரு கூடைதான் போட்டோம்.
வாழைத்தோல்.
காம்பு கிள்ளி.